பஞ்சு ஒட்டிய கை

பிளேட்லெட் கொடுத்தால் அரை நாள் விடுப்பு
என்று சுற்றறிக்கை வந்த வருடம்
எங்கள் ஆறாவது மாடியில் பதினொரு பேருக்கு
திடீரென்று ரத்தம் கனிந்தது.

லிஃப்டுக்கு எதிரே ஒரு பலகை,
அதில் எங்கள் படங்கள்.
என் படத்தில் கண் பாதி மூடியிருந்தது.
மாற்றச் சொல்லி இரண்டு மெயில் போட்டேன்.
எந்தப் பிள்ளைக்குள் போனேன் என்று
ஒருமுறையும் கேட்கவில்லை.

பலகையைப் பார்த்தபடி நாளெல்லாம்
ஸ்டூலில் இருப்பார் லிஃப்ட்கார காம்ளே.
ஒப்பந்த ஆள். விடுப்பும் இல்லை, படமும் இல்லை.
ஒரு வெள்ளி மாலை, ஷிஃப்ட் முடிந்து,
பரேல் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில்
கை நீட்டிச் சாய்ந்திருந்தார்.
ஏன் வருகிறீர்கள் என்றேன், உடைந்த மராத்தியில்.
"பிஸ்கட்டும் மாம்பழ ஜூஸும் தருகிறார்களே!"
இரண்டையும் பிரிக்காமல்
மகளுக்கென்று பையில் போட்டுக்கொண்டார்.
அவரை மகான் என்று நினைக்கத் தயாராக இருந்தேன்.
பிஸ்கட் குறுக்கே வந்துவிட்டது.

மார்ச்சோடு விடுப்பு நின்றது.
பலகையில் இப்போது தீயணைப்புப் பயிற்சி.
பதினொன்றில் இரண்டு பேர் இன்னும் போகிறார்களாம்.
அந்த இரண்டில் நான் இல்லை.
ஆஸ்பத்திரி எண் ஒளிர்ந்தால்
மீட்டிங்கில் இருப்பவன்போல் ஃபோனைக் கவிழ்ப்பேன்,
வீட்டில் பல் துலக்கும்போதும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு,
ஏனென்று தெரியவில்லை, போனேன்.
மனைவியிடம் செருப்பு வாங்க என்றேன்.
இயந்திரம் என்னை எடுத்து, வடித்து,
மிச்சத்தைத் திருப்பித் தந்தது.
உதட்டில் எறும்பு ஊர்ந்தது.
படிக்கட்டில் ஒரு தகப்பன்
பாயும் ஃபைலுமாக உட்கார்ந்திருந்தார்.
அவர் பிள்ளைக்குத்தானா, தெரியாது.
அவர் நிமிரவில்லை.
கொஞ்சம் நிமிர்ந்திருக்கலாம்.

கல்யாண் ஸ்லோவில் கதவோரம் சாரல்.
முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டர்.
குளிரெடுத்தது.
சுருட்டிய சட்டைக்கையை இறக்கவில்லை.
சயான் போனது, குர்லா போனது.
காட்கோபரில் ஒருவர் பார்த்துவிட்டார்,
நகர்ந்து நாலாவது சீட் கொடுத்தார்.
பாதி உடம்பு பெஞ்சில், பாதி காற்றில்,
பாண்டூப் வரை வள்ளலாக வந்தேன்.

"செருப்பு எங்கே?" என்றாள்.

கையை நீட்டிக் காட்டினேன்.