வால்டிவியாவில் நான்காம் நாள்

மூன்று நாள் ஜன்னலோரம்
வெயிலுக்காக உட்கார்ந்திருந்தேன்.
விடுதிக்கார ஒர்த்தென்சியா
அடுப்பில் விறகைத் தள்ளியபடி கேட்டாள்:
"ஜூலையில் வந்துவிட்டு யாருக்காகக் காத்திருக்கிறாய்?"
எனக்கு ஸ்பானியம் அரைகுறை.
கேள்வி மட்டும் முழுசாகப் புரிந்தது.

எரிமலையைப் படம் பிடிக்க வந்தவன் நான்.
அஞ்சலட்டையில் பனித்தொப்பி போட்டு நிற்கும் அது
எங்கோ மேகத்துக்குள்
தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள்
கேமராவுக்குக் குளியல்தொப்பி மாட்டி,
லென்ஸ் நுழைய ஒரு துளை கிழித்து,
துடைக்க ஒரு கைக்குட்டை,
அது நனைந்தால் இன்னொன்று,
அதுவும் நனைந்தால் சட்டையின் உள்பக்கம் என்று
ஆற்றங்கரைச் சந்தைக்கு இறங்கினேன்.

முதலில் வானத்தைச் சட்டகத்திலிருந்து வெளியேற்றினேன்.
வெறும் வெள்ளைத்தாள்.
அதன் பிறகுதான் கீழே ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன
தார்ப்பாயின் ஒட்டுப்போட்ட நீலம்,
எலுமிச்சைக் குவியல்,
யாருடையதோ சிவப்பு ரப்பர் பூட்ஸ்.
துருவேறிய படகொன்று
இந்த மங்கலில்
உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த இரும்பாய் நின்றது.

சுனில்டா மீன் அறுக்கிறாள்.
முதுகுக்குப் பின்னால் கடற்சிங்கம் ஒன்று
கடன் கேட்க வந்தவன்போல் உட்கார்ந்திருக்கிறது.
திரும்பிப் பார்க்காமலே தலையை வீசுகிறாள்.
தவறவிட்டேன்.
அடுத்த தலை. கை நடுங்கிவிட்டது.
அடுத்தது. குறுக்கே ஒரு குடை.
குடைக்காரரை வாய்க்குள் தமிழில் திட்டினேன்.
படத்தில் பார்த்தால்
அந்தக் குடைதான் நன்றாக இருந்தது.

பதினொன்றரைக்குத் திடீரென்று வெயில்.
சந்தை மொத்தமும் அண்ணாந்தது.
தார்ப்பாய்க்கடியில் கன்னங்கரேலென்று நிழல் விழுந்து
சுனில்டாவின் முகத்தில் பாதி காணாமல் போனது,
மீதிப் பாதி கண்ணைச் சுருக்கிக்கொண்டது.
மீன்கள் வெறும் மீன்களாகிவிட்டன.
மூன்று நாள் வேண்டிக்கொண்ட வெயில்.
என்ன செய்வதென்று தெரியாமல்
லென்ஸை மூடி
அரைக் கிலோ சியர்ரா வாங்கினேன்.

ஆறு நிமிடம்தான்.
மறுபடி பிடித்துக்கொண்டது மழை.
"ஆ" என்றாள் சுனில்டா,
வெளியே போன மகள் வீடு திரும்பியதுபோல.

காட்டு, என்று கையை நீட்டினாள்.
காட்டினேன்.
ஒரு படத்தில் லென்ஸ்மேல் துளி விழுந்திருந்தது.
அவள் கத்தி நீண்டு, வளைந்து,
ஆற்றோடு சேர்ந்து ஓடியது.
முகம் இருக்குமிடத்தில் ஒரு மஞ்சள் கலங்கல்.
அழிக்கப் போன என் கட்டைவிரலை
ஈரக்கையால் பிடித்து நிறுத்தினாள்.
தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
எனக்குப் போட்டுவிட்டாள்.

இரண்டு கண்ணாடியிலும் துளிகள்.
படகு வளைந்தது.
கடற்சிங்கம் இரண்டாயிற்று.
"முப்பது வருஷமாய் இப்படித்தான்" என்றாள்,
"உனக்கு ஒரு படத்துக்கே வலிக்கிறதா?"

அழிக்கும் பொத்தான்மேல் ஒரு செதில்
ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

இரவு
எரிமலை கிடைத்ததா என்றாள் ஒர்த்தென்சியா.
மீனைக் கொடுத்தேன்.