மீன் இல்லாத தொட்டி

கல்முனைக் கடையில்
போன் திருத்தும் மேசைக்குப் பக்கத்தில்
இரண்டடிக் கண்ணாடித் தொட்டி.
மண், தண்ணீர், ஏழு கட்டு வேலம்பாசி.
வருகிறவர்கள் குனிந்து பார்த்துக் கேட்கிறார்கள்
"மீன் எங்க காக்கா?"

சூடாக்கி வேணுமா என்றான் தொட்டி விற்ற பொடியன்.
தகரக் கூரையைக் காட்டினேன்.

முதல் கிழமை கண்ணாடியில் தவிட்டுத் தூசி,
விரல் பட்டதும் போயிற்று.
மறுகா வந்தது பச்சை
மயிர்மயிராய், இலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.
பெயரிலேயே பாசி வைத்திருக்கும் செடியை நட்டுவிட்டுப்
பாசி பிடித்ததென்று புலம்புகிறேன்.

தண்ணீர் முழுதையும் இருமுறை மாற்றினேன்.
இன்னும் செழித்தது.

கடலில் விழுந்த போனோடு வந்தார் முஸம்மில்.
திறந்தால் பலகை முழுக்க உப்பின் பச்சை.
நான் தேய்க்க, அவர் தொட்டியைப் பார்த்தபடி
"ராவெல்லாம் லைட்ட எரியவிட்டா
வராதது எது?" என்றார்.
லைட் போட்டு மீன் கூட்டுகிற மனிசன்.

பன்னிரண்டு மணித்தியாலத்தை ஆறாக்கினேன்.
யன்னலுக்குப் பழைய சாரன்.
வெள்ளிக்கு வெள்ளி, ஜும்ஆவுக்குக் கடை சாத்துமுன்
கால்வாசித் தண்ணீர் மட்டும்.
மற்ற நேரம் கையை மடியில் வைத்திருந்தேன்,
போன் திருத்துகிறவனுக்கு அது லேசில்லை.

ஐந்தாம் கிழமை ஒரு தளிர், மயிரில்லாமல்.
மூலையில் கொஞ்சம் பச்சை இருக்கிறது.
இருக்கட்டும்.

முஸம்மிலின் போன் உயிர்க்கவில்லை,
படங்கள் மட்டும் மீண்டன.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்
கடல், கடல், மகள், கடல்.
மறுகா தொட்டிப் பக்கம் கிறுகி,
"இன்னும் மீன் விடல்லியா?"