நாற்பத்தெட்டுக்கு இருபத்திரண்டு

மினி லாரி செம்மண்டலம் வளைவிலேயே திணறியதாம்.
மூன்று சுருள் புல்.
சுருளுக்கு ஐந்து ஆள் பிடித்து
பின்வாசல் வழியாக இறக்கினார் முனவ்வர்.
புல்லுக்கா இவ்வளவு கனம் என்றேன்.
"புல்லுக்கு ஏது கனம் மேடம்,
அடியில இருக்கிற ரப்பருக்கு."

பூப்பந்துக்கு எண்பதுக்கு நாற்பது வேண்டும்.
கொல்லையில் இருந்தது
நாற்பத்தெட்டுக்கு இருபத்திரண்டு.
அதிலும் ஒரு மூலையை
செப்டிக் டேங்க் எடுத்துக்கொண்டது.
அணிக்கு ஐவர் என்பதை இருவராக்கினேன்.
பல்கலைக்கழகத்துக்கு ஆடிய முழங்கால்
அதற்கே யோசித்தது.
இறகுப்பந்து ஆடலாமே என்றவர்களுக்கு
கடலூர்க் காற்றைத் தெரியாது.

"இந்தக் காசுக்கு
ஒரு பழைய கார் வரும்" என்றார் குணாளன்.
ஒருமுறைதான் சொன்னார்.
அந்த ஒருமுறை
இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

துணிக்கொடிக் கம்பி கழன்றது.
ஆறு அங்குலம் தோண்டியதில்
உடைந்த குளியலறை ஓடு,
ஒற்றைச் செருப்பு,
அப்புறம்
வீடு கட்டும்போது கொத்தனார் தொலைத்த ரசமட்டம்.
கண்ணாடிக்குள் குமிழி உயிரோடு இருந்தது.
சமையலறையில் எண்ணெய் ஏன்
எப்போதும் இடப்பக்கமே ஓடுகிறது என்பது
பதினோரு வருடம் கழித்துப் புரிந்தது.
கழுவி முனவ்வரிடம் நீட்டினேன்.
"மட்டமா இருக்கக் கூடாது மேடம்,
தண்ணி நின்னுடும்.
நூத்துக்கு ஒண்ணு சாய்க்கணும்."
எந்தப் பக்கம் என்று
நானும் கேட்கவில்லை.

ஜல்லி. அதன்மேல் துகள்.
அதன்மேல் நாள் முழுக்க ஒரு ரோலர்.
பிறகு பிகாஷ் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.
விளிம்போடு விளிம்பு சேர்த்து
பசை தடவி
பழைய சீப்பால் இழைகளைக் கோதிவிட்டான்,
பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வகிடு மறைப்பதுபோல.
இணைப்பு தெரிந்தால் அது பாய்,
தெரியாவிட்டால்தான் தரை என்று
ஒடியா கலந்த தமிழில் சொன்னான்.

டேங்க் மூடிக்குமேல் மட்டும்
சதுரமாக வெட்டி வெல்க்ரோ வைத்தார்கள்.
சர்வீஸ் போடுகிறவர் நிற்க வேண்டியது
அளந்தாற்போல் அதன்மேல்.
ரெமிஜியூஸ் முதல் நாள்
குதித்துக் குதித்துப் பார்த்துவிட்டு
"தாங்கும்" என்றார்.
கூரியர் ஆபீஸ்காரர், எடை தெரிந்தவர்.

மதில்மேல் பத்மலோசனியின் தலை.
"இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம்ல?
நிம்மதி."

சித்திரை பிறந்தது.
பகல் ஒரு மணிக்கு
வெறுங்காலோடு இறங்கியவள்
தோசைக்கல்லில் விழுந்த சொட்டுபோல் துள்ளினேன்.
அன்றிலிருந்து நாலரை மணிக்கு
ஹோஸ் பிடித்து
பிளாஸ்டிக்குக்கு நீர் வார்க்கிறேன்.
பத்மலோசனி பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் ஒரு மட்டையோடு வந்தாள்.
இருபது வருடம் அலமாரிமேல் கிடந்த மட்டையாம்,
நரம்பில் ஒட்டடை.
அவள் வெட்டி இறக்கிய முதல் பந்தில்
நானும் குணாளனும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கார்த்திகையில் கெடிலம் ஏறியது.
இரண்டு நாள் விடாத மழை.
எங்கள் தரையில் ஒரு சொட்டு நிற்கவில்லை.
முனவ்வரின் சாய்வு
சொன்னபடி வேலை செய்தது:
மொத்தமும் மதில் ஓட்டை வழியாக
பத்மலோசனியின் துவைக்கிற கல்வரை போனது,
கறுப்பு ரப்பர்த் துகளும் கூடவே.

மூன்று வாரம் மட்டைச் சத்தம் இல்லை.
கால்வாய் வெட்டினேன்.
துகளை அள்ளித்தர ஆள் அனுப்பினேன்.
அவள் கதவைத் திறந்தாள்,
வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில்
வெல்க்ரோச் சதுரத்தின் ஓரத்தில்
ஒரு கோரை எட்டிப் பார்த்தது.
பிடுங்கினேன். வந்தது.
மறுபடி பிடுங்கினேன்.
பிறகு பிடுங்கவில்லை,
சோம்பல்தான்.

மார்கழி ஞாயிறு. மூன்று பேர் ஆட்டம்.
பதினெட்டுக்குப் பதினெட்டு.
என் மஞ்சள் கம்பளிப் பந்து
மூலையில் போய் விழுந்தது.
"வெளியே" என்றார் குணாளன்.
கோட்டில் என்றேன்.
ரெமிஜியூஸ் வானத்தைப் பார்த்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம்
வாளி வைக்கும் சத்தம்.

"உள்ள!
கோரை ஆடிச்சு, நான் பார்த்தேன்."