ஏழு சுழியம்

குஹ்மோ மரவாடியில் ரம்பம் நின்றது
விடிகாலை நாலு நாற்பதுக்கு.
பாதி அறுபட்ட பைன் கட்டை ஒன்று
பல்லில் சிக்கியபடியே கிடந்தது.
திரை நீலமாகி, நூறு வரை எண்ணி முடித்து,
தன் நினைவு மொத்தத்தையும் வட்டில் கொட்டிவிட்டுச்
செத்துப்போனது கணினி.

அந்த ஷிஃப்டில் இருந்தவன் வெய்யோ.
"கையுறையைக் கழற்றாமல் விசைப்பலகையைத் தட்டியிருப்பான்"
என்றார் மேலாளர் கார்லோ, அவன் காதுபடவே.
வெய்யோ ஒன்றும் சொல்லவில்லை.
கட்டையை எடுக்கக் கடப்பாரை தேடிப் போனான்.

பதினாறு கிகாபைட்,
கம்பு ரொட்டி உறைக்குள் பத்திரமாய்,
பேருந்தேறி ஔலு வந்து சேர்ந்தது.
அன்னுக்கா திறக்கிறாள்.
டிபக்கர் முதலில் யாரைக் காட்டுகிறது?
விழுந்தவனை அல்ல.
விழுந்ததைப் பார்த்து ஊரைக் கூட்டியவனை.
அவன் கையில் இருப்பவை அவனுடைய எண்கள்:
பிழைக் குறியீடு, நிறுத்து என்னும் ஆணை,
அலறும்போது பிடித்துக்கொண்ட தூண்.
அவனைக் குறுக்கு விசாரணை செய்து பயனில்லை.
இடறியது வேறொருவன் கால்.

கீழே போக வேண்டும், ஸ்டாக்கில்,
சட்டகம் சட்டகமாக.
இடறிய கணத்தில் பிராசஸர்
அவசரமாய்க் கிறுக்கிவைத்த சீட்டு
அங்கேதான் இருக்கிறது.
அதன் முகவரியைத் தட்டுகிறாள்.
இமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கு
காலம் பின்னால் நகர்ந்து,
ரெஜிஸ்டர்கள் பழைய இடத்தில்
பழைய எண்களோடு உட்காருகின்றன.
ஒன்றில் கட்டையின் வரிசை எண்கூட இருந்தது:
2117. பல்லில் சிக்கிய அதே பைன்.

பதினாறும் பெறவில்லை.
ஒன்பது.
மற்ற ஏழிலும் சுழியம்.
அடியில் ஒரு வரி எச்சரிக்கை, சலித்த குரலில்:
எல்லாம் இதில் இல்லை, சில தவறாகவும் இருக்கலாம்.

படித்தாள். படித்தும் இரண்டு நாள் ஏமாந்தாள்.
ஆர்பிஎக்ஸில் சுழியம், சுழியத்தைத் தொட்டால் சாவு,
தீர்ந்தது கதை என்று
அறிக்கையில் பாதி அடித்தும்விட்டாள்.
தடுக்கிய முகவரியோ
சுழியத்தின் அண்டை வீடில்லை, எங்கோ மலை உச்சி.
மாலையில் சைக்கிள் இருக்கையின் பனியைச்
சுரண்டிக்கொண்டிருக்கையில்தான் உறைத்தது.

இல்லை என்பது ஒரு பதில்.
யாரும் குறித்துவைக்கவில்லை என்பது
பதிலே அல்ல.
இரண்டுக்கும் இந்தத் திரையில் ஒரே முட்டை.

சைக்கிளைப் பூட்டிவிட்டு மறுபடி உள்ளே.
ஊரைக் கூட்டினானே, அவன் நாகரிகம் தெரிந்தவன்.
அலறுமுன், தனக்கு இடம் வேண்டியிருந்ததால்,
முன்பு இருந்தவனின் சாமான்களை
ஸ்டாக்கில் ஓரமாய் எடுத்துவைத்திருக்கிறான்.
அசெம்பிளியின் முதல் வரிகளே ரசீது:
புஷ், புஷ், புஷ்.
எட்டெட்டு பைட்டாகத் திரையில் விரல்வைத்து
எண்ணிக்கொண்டே போனாள்.
நள்ளிரவுக்குள் ஆறு திரும்பியிருந்தன.

ஆர்பிஎக்ஸில் இப்போது ஒரு முகவரி.
போய்ப் பார்த்தால் காலி செய்த வீடு.
கதவில் மட்டும் பழைய குடித்தனத்தின்
நாலெழுத்துப் பெயர்ப்பலகை:
கட்டையின் விட்டம் அளக்கும் கேமராவின் டிரைவர்.
மூன்று கோடைக்கு முன்பு,
சூரியன் படுக்கப் போகாத ஒரு வாரத்தில்
அவளே எழுதியது.
திருப்பிக் கொடுத்த வீட்டை
இன்னொரு முறை திறந்த சாவி
அவளுடையது.

காலையில் வெய்யோவை அழைத்தாள்.
பின்னால் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது.
"நீங்கள் எதையும் தொடவில்லை."
"தெரியும்" என்றான்.
ஒரு கட்டை அறுபட்டு முடியும் நேரம் கழித்து,
"கார்லோவிடம் சொல்லுங்கள். எழுத்தில்."

எழுதினாள்.
காரணம் என்ற கட்டத்தில் டிரைவரின் பெயர்,
இயற்றியவர் என்ற கட்டத்தில் தன் பெயர்.
பின்னிணைப்பில் பதினாறு வரி,
பதினைந்தில் எண்கள்.
ஆர்14 மட்டும் எங்கு துழாவியும் அகப்படவில்லை.
டிபக்கர் அங்கே தானாகவே முட்டை போட்டிருந்தது.
அதை அழித்துவிட்டு
எழுத்தெழுத்தாய் அடித்தாள்:
தெரியாது.