கச்சானுக்கு முதுகைக் கொடுத்து

திட்டம் போட்டது
காய்ச்சல் சார்ட்டின் பின்பக்கத்தில்.
பரமக்குடி ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
மூன்றாம் கட்டில் ஒருவழியாகக் கண்ணயர்ந்த பிறகு.

சனிக்கிழமை காலை ராமேஸ்வரம் பாசஞ்சர்.
சைக்கிள் இரண்டு, ஆள் இரண்டு,
ராத்திரி ஒன்றே ஒன்று.

லேபிலிருந்து வந்த பௌசியா
மேப்பை இரண்டு விரலால் அகட்டினாள்.
உச்சிப்புளியில் இறங்கு,
மேற்கே புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை,
மறுநாள் ராமநாதபுரத்தில் ரயில்.
ஏறக்குறைய நாற்பத்தேழு கிலோமீட்டர்.
நாங்கள் இதுவரை மிதித்த பெருந்தூரம்
ஐந்துமுனையிலிருந்து வைகைப் பாலம்,
அதுவும் நடுவில் ஒரு சர்பத்.

என்னுடையது
அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த
விலையில்லா சைக்கிள்.
அவள் கல்லூரிக்குப் போனாள்,
அது கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.
கியர் இல்லை. கூடை உண்டு.
சீட்டை ஒரு விரற்கடை உயர்த்தியதும்
தெருவே என்னை வேடிக்கை பார்த்தது.

எங்கே படுப்பது என்ற வரியில்
கடற்கரை என்று எழுதினேன்.
பௌசியா ஒன்றும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை,
பேனா தானாக அடித்துவிட்டது.
அடித்ததன் மேலே எழுதினோம்:
பெரியபட்டினம், சீனி இபுராகிம் வீட்டு மொட்டை மாடி.
அவளுக்குச் சின்னம்மா மகன்,
போட்டில் போகிறவன்.

போனில் அவனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
ஆடி மாசம் மேக்க பாத்தா மிதிக்கப் போறீக?
கச்சான் ஒங்கள மறுபடி உச்சிப்புளியிலயே
கொண்டாந்து விட்ரும்.

அன்று ராத்திரி
சார்ட்டைத் தலைகீழாகத் திருப்பினேன்.
ராமநாதபுரத்தில் இறங்குவது.
தெற்கே திருப்புல்லாணி, கீழக்கரை,
அங்கிருந்து கிழக்கே,
காற்றுக்கு முதுகைக் கொடுத்து.
அதே ஊர்கள்தான், அதே கிலோமீட்டர்தான்.
பயணம் மட்டும் பாதி இளைத்துவிட்டது.

மூட்டையில் ஏறியவை:
காலாவதியான, பிரிக்காத சலைன் டியூப் நான்கு
(கயிறு வாங்க மறந்ததால்),
ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பதினொன்று,
பங்க்சர் ஒட்டும் டப்பா, ஒட்டத் தெரியாத இருவர்,
புளிச்சோறு, டார்ச்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கூடாரம்.
இறங்கியவை:
இரண்டாம் புடவை, மூன்றாம் டவல்,
பௌசியாவின் தலையணை. வெகுநேரம் வாதாடித்தான் இறங்கியது.

பார்சல் ஆபீஸில்
கிளார்க் என் சைக்கிளைச் சுற்றி வந்து
ரசீதில் எழுதினார்:
பழையது, ஒன்று.
வண்டியைத்தான் எழுதினார்.
முப்பத்தொன்பது வயதுக்காரி
ஏனோ அதைத் தனக்கென்று வாசித்துக்கொண்டாள்.

போனோம்.
திருப்புல்லாணி தாண்டி என் முழங்கால் பேசத் தொடங்கியது.
கீழக்கரையில் தொதல் வாங்கித் தின்றோம்,
ஓ.ஆர்.எஸ்.ஸை அதற்குமேல் ஊற்றினோம்.
பிறகு ரோடு கிழக்கே வளைந்தது.
வளைந்த இடத்தில்
யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துத் தள்ளியதுபோல்.
திரும்பிப் பார்த்தேன்.
உடைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
பௌசியா மிதிக்காமலே போய்க்கொண்டிருந்தாள்,
இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு,
சின்னப்பிள்ளை கெட்டது.

கூடாரத்து முளை சிமெண்டில் இறங்குமா?
நாலு மூலைக்கும் நாலு டியூப்,
ஒன்று தண்ணீர்த் தொட்டியில், ஒன்று ஆண்டெனாவில்,
இரண்டு சைக்கிள்களில்.
துணி உப்பி உப்பி அடங்கியது.
கீழே இபுராகிம் மனைவி
மீன் பொரித்த சட்டியைக் கழுவும் சத்தம்.
அதற்கப்பால் கடல்,
பார்க்க முடியாத தூரத்தில், கேட்கிற தூரத்தில்.

சரியாக இரண்டு மணிக்கு
உடம்பு எழுப்பிவிட்டது.
வார்டில் சொட்டு எண்ணுகிற நேரம்.
டார்ச்சோடு ஒரு சுற்று வந்தேன்.
பௌசியா: மூச்சு சீராக.
டியூப் முடிச்சு நான்கும்: பிடிப்பாக.
பிறகு குனிந்து டயர்களைப்
பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
என் பின்சக்கரம் கொஞ்சம் தொய்வு.

யாரையும் கூப்பிடவில்லை.
எதிலும் குறிக்கவில்லை.
இருக்கட்டும், விடியட்டும் என்று
உள்ளே போய்ப் படுத்தேன்.
கச்சான் விடிய விடிய டூட்டி பார்த்தது.