மூக்கைத் தொட்டுச் சொல்வது

நெஞ்சைத் தொடாதீர்கள் என்கிறாள் சுகியுரா.
இங்கே ‘நான்’ குடியிருப்பது மூக்கு நுனியில்.
ஆள்காட்டி விரலை அங்கே வைத்துக் காட்டுகிறாள்.
பகலில் அவளுக்கு வரி அலுவலகம், புதன் இரவில் நாங்கள்:
யைசு துறைமுகத்தில், பொதுமண்டபத்தின் இரண்டாம் மாடியில்
மீன் வாடை போகாத பதினோரு பேர்.

முதல் சொல் ஹஜிமெமாஷிதே.
முதன்முறையாகச் சந்திக்கிறேன் என்று பொருள்.
ஓர் ஆளிடம் ஓர் ஆயுளில் ஒருமுறைதான் செல்லும்,
தீக்குச்சி மாதிரி.
பிறகு பெயர். பெயருக்குப் பின்னால் தெசு.
எழுதும்போது சு, சொல்லும்போது வெறும் ஸ்.
அந்த உகரம் எங்கே போயிற்று?
எங்கள் பெயர்களின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஒயுஞ்சிமெக், ஒயுஞ்சிமெகு ஆனாள்.
ஜில்மார் என்கிற நான் ஜிருமாரு.
சாவ் பாவ்லோவில் அம்மா கேட்டால்
யாரோ என்று கதவைச் சாத்திவிடுவாள்.

ஒயுஞ்சிமெகு தன் பெயரோடு ‘ஸான்’ சேர்த்துக்கொள்கிறாள்.
தனக்குத்தானே மரியாதை வைக்கக் கூடாதென்று
மூன்று வாரமாகத் திருத்தம்.
“வேறு யார் வைக்கிறார்களாம்?” என்கிறாள் மங்கோலியாக்காரி.
சுகியுரா பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொள்கிறாள்,
அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் யொரோஷிக்கு.
அகராதியில் இதற்கு நாலு வரி.
எனக்கென்னவோ,
ஊர் விட்டு ஊர் போகிறவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு
ஓட்டுநரிடம் சொல்வார்களே,
கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று,
அதுதான் இது என்று பட்டது.
ஏற்றிவிட ஆளில்லாதவன் தானே சொல்லிக்கொள்வது.

மசுதாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு வெட்டுப்பலகை.
ஆறு வருஷம்.
அவர் சூரையின் தலையை எடுப்பார், நான் குடலை.
அவருக்கு நான் ‘ஓய்’.
எனக்கு அவர், இயந்திர இரைச்சலில், அதுகூட இல்லை.

வியாழக்கிழமை, பட்டை ஓடத் தொடங்குமுன்
சொல்லிவிடலாம் என்று எதிரே போய் நின்றேன்.
முதல் சொல்லே மறித்தது.
ஆறு வருஷம் பிந்திய முதன்முறை
எந்த இலக்கணத்தில் சேரும்?
அதை விட்டுவிட்டேன்.
கையுறையைக் கழற்றி, மூக்கைத் தொட்டு,
“ஜிருமாரு தெசு” என்றேன். அவ்வளவுதான்.

மசுதா கத்தியைக் கீழே வைத்தார்.
வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்து
ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தார்.
அப்புறம், ஈரக் கையுறையோடே தன் மூக்கைத் தொட்டு,
“ஹஜிமெமாஷிதே” என்றார்.
“மசுதா தொகுஜி.”

சுகியுரா கேட்டிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பாள்.
அவர் மூக்கில் ஒரு செதில், பொடி வெள்ளிக்காசு போல.
செதிலுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது.
என் மூக்கைச் சுட்டிக் காட்டினேன், இரண்டு முறை.
“தெரியும், தெரியும், ஜிருமாரு” என்றார்
கத்தியை எடுத்தபடி.