நமத்த தீக்குச்சி

பிறந்ததும் ஒன்றரை மணி நேரம்
எழுந்திருக்காமல் வைக்கோலில் கிடந்ததாம்.
நமத்த தீக்குச்சி, என்றார் லீஹி.
ஊருக்கெல்லாம் சவப்பெட்டி செய்பவர்,
படுத்திருப்பவர்களைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
பதிவுத் தாளிலும் அதையே பெயராக எழுதினார்.

நான் லாடம் அடிப்பவன்.
அதன் முகத்தை அதிகம் பார்த்ததில்லை.
குனிந்து, தொடைகளுக்கிடையே குளம்பை இடுக்கி,
உதட்டில் ஆணிகளோடு
பத்து வருடம் அடிப்பாதம் பார்த்தேன்.
இடது முன்னங்கால்: ஓடு மெலிசு,
வெளிப்பக்கம் முடியளவு ஒரு விரிசல்.
வலது பின்னங்கால்: தூக்கிப் பிடித்தால் போதும்,
மொத்த எடையையும் என் முதுகில் சாய்த்துவிட்டுத் தூங்கும்.

சமதளத்தில் மூன்று முறை ஓடவிட்டார்கள்.
கடைசி. கடைசி. கடைசிக்கு முந்தியது.
அந்த மூன்றாவதில் ஒரு குதிரைக்கு நொண்டல்.
விற்றுவிடலாம் என்று லீஹி சொல்லிக்கொண்டிருக்கும்போதே
பிரீஜ் டனகர் முற்றத்தில் இரண்டு பீப்பாய்களை உருட்டிக் கிடத்தி
மேலே ஒரு கட்டையை வைத்தாள்.
தாண்டியது.
திரும்பி வந்து, யாரும் கேட்காமலே,
இன்னொரு முறை தாண்டியது.

க்ளோன்மெலில் ஒரு வியாழக்கிழமை.
முழங்கால் சேறு, நாற்பதுக்கு ஒன்று.
முதல் ஆளாக வந்து இறங்கிய கோல்ம் ஹெஃபர்னன்
முகத்தில் மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
தடை வரும்வரை கழுதை.
தடையில் மட்டும் குதிரை.

அதற்குப் பிறகு குளிர்காலங்கள் எனக்கு இப்படிப் போயின:
பந்தயத்துக்கு முந்தின நாள் இரும்பைக் கழற்றி அலுமினியம்,
மறுநாள் அலுமினியத்தைக் கழற்றி இரும்பு.
முப்பத்தொரு ஓட்டம், பத்தொன்பது வெற்றி.
ஒன்றைக்கூட நேரில் பார்க்கவில்லை.
வேறு யாருடைய லாயத்திலோ
ஏதோ மட்டக்குதிரையின் கால்மாட்டில் நின்று
வானொலியில் கேட்டேன்.

கடல் தாண்டி இங்கிலாந்து. மார்ச்.
எட்டுத் தடை, கடைசியில் செங்குத்து மேடு.
ஐந்தாவது தடையில் இடது முன் லாடம் பறந்தது.
மூன்று லாடத்தோடு மூன்று தடை,
மேடேறி, அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தது.
அடக்கங்களுக்குப் போடும் அதே கறுப்புக் கோட்டில்
லீஹி அழுத படம் பத்திரிகைகளில் வந்தது.
அவர் அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை, தொழில் அப்படி.
தெருவில் இரவெல்லாம் பாட்டு.
நான் படுக்கையில் கிடந்து
அந்த ஒரு லாடத்தின் ஆணிகளை
ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

புல்லில் அதைக் கண்டெடுத்தவன் விற்றான்.
வாங்கியவன் தன் மதுக்கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினான்.
ஒரு மாதம் கழித்துப் போனேன்.
பெயர் சொல்லவில்லை. முக்காலியில் ஏறிப் பார்த்தேன்.
ஆறு துளை.
ஐந்து கிழிந்து வாய் பிளந்திருந்தன.
ஆறாவது, துடைத்துவைத்த மாதிரி.
விரிசலுக்குப் பயந்து நான் ஆணி அடிக்காமல் விட்ட இடம்.
அடித்திருந்தால் குளம்பு பிளந்திருக்கும்.
இருக்கலாம்.
அடியில் பித்தளைத் தகடு: வெற்றி தந்த லாடம்.
அது இல்லாமல்தானே ஐயா ஜெயித்தது?
பீரை முடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் இரண்டாவது. அதற்கடுத்து ஐந்தாவது.
பஞ்செஸ்டவுனில், கடைசிக்கு மூன்று தடை இருக்கும்போது
ஹெஃபர்னன் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, இறங்கி,
பக்கத்திலேயே நடந்து வந்தானாம்,
கடைக்குப் போய்த் திரும்பும் இரண்டு பேர் மாதிரி.

மே மாதம், கடைசியாகக் கழற்றினேன்.
இடது முன்னதை முதலில். விரிசலை அரத்தால் வருடிவிட்டேன்.
வலது பின்னதை எடுத்ததும் வழக்கம்போலத் தூங்கிவிட்டது.
என் இடுப்பு நெரிந்தது. அசையவில்லை.
பிரீஜ் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள்.

பிறகு வாயிற்கதவைத் திறந்துவிட்டோம்.
வெறுங்காலோடு மேய்ச்சல் நிலம்,
குறுக்கே ஒரு முழ அகல வாய்க்கால்.
கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன பிரீஜ் நிறுத்தினாள்.
நானும்தான்.

காதை ஒருமுறை ஆட்டிவிட்டு
சுற்றிக்கொண்டு போனது.